ஆட்டத்தின் அளபெடை

செஞ்சியில் பொழுது இரண்டு முறை சாய்கிறது. கதிரவன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கும்போது ஒரு முறை; மலைக்கு அப்பால் எங்கோ அடிவானத்தைத் தொடும்போது மற்றொரு முறை. இரண்டுக்கும் நடுவே வெயில் இல்லாத வெளிச்சம் கொஞ்ச நேரம் ஊரின்மேல் தங்கியிருக்கும். கோட்டைக்கும் ஊருக்கும் இடைப்பட்ட வெளியில் பந்தாடும் பிள்ளைகள் அந்த வெளிச்சத்தை நம்பித்தான் ஆடுகிறார்கள். மாலை நடைக்குப் போகும் நாமும் இருபது ஆண்டுகளாக அங்கே நின்று அவர்களை வேடிக்கை பார்த்து வருகிறோம்.

கால்பந்தைப் பற்றி எழுத நமக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தமிழ் இலக்கியத்தில் முதுகலை படித்துவிட்டுக் கல்லூரியில் யாப்பும் இலக்கணமும் நடத்திக் காலம் தள்ளுபவர் நாம். பள்ளி நாள்களில் பந்து நம் காலுக்கு வந்ததைவிட முகத்துக்கு வந்ததே அதிகம். ஆனால் அந்த ஆட்டத்தின் ஒரே ஒரு விதி மட்டும் பல ஆண்டுகளாக நம்மை உறுத்திக்கொண்டிருக்கிறது. ஆட்ட விதிகளில் ஏழாவதாக வருவது அது, காலத்தைப் பற்றியது. ஏன் உறுத்துகிறது என்பதைப் பின்னால் சொல்லத்தான் வேண்டியிருக்கும். முதலில் விதியைச் சொல்லிவிடுகிறோம்.

ஆட்டம் 45 நிமிடம் கொண்ட இரண்டு சம பாதிகள். இடைவேளை 15 நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. இவ்வளவும் எல்லோரும் அறிந்தது. கூடைப்பந்தில் நடுவர் ஊதியதும் கடிகாரமும் நின்றுவிடும். ஆட்டம் தொடரும்போதுதான் அதுவும் நகரும். கால்பந்தில் கடிகாரம் நிற்பதே இல்லை. ஒருவன் காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் புரள்கிறான், கடிகாரம் ஓடுகிறது. ஆட்டக்காரரை மாற்றுகிறார்கள், ஓடுகிறது. கோல் போட்டவனின்மேல் பத்துப் பேர் விழுந்து கொண்டாடுகிறார்கள், அப்போதும் ஓடுகிறது. இவ்வாறு ஓடிப்போன நேரத்தை நடுவர் தம் மனத்திலும் மணிக்கட்டிலும் குறித்து வைத்துக்கொண்டு, அந்தந்தப் பாதியின் முடிவில் திருப்பித் தருகிறார். இதுதான் நாம் 'இஞ்சுரி டைம்' என்று சொல்லிப் பழகியது.

இதில் நுட்பமான செய்தி ஒன்றுண்டு. ஆட்டம் நிற்கிற ஒவ்வொரு கணமும் இழப்பு ஆகாது. பந்து கோட்டுக்கு வெளியே போவதும் அதை எடுத்து எறிவதும் ஆட்டத்தின் இயல்பு. அவற்றுக்கு ஈடு கிடையாது. வேண்டுமென்றே தாமதித்தால், அல்லது அளவுக்கு மீறித் தாமதமானால் மட்டுமே அது கணக்கில் ஏறும். எது இயல்பான நிற்றல், எது இழப்பு என்று பிரித்தறிவது முழுக்க முழுக்க நடுவரின் பொறுப்பு. அரங்கத்தில் ஆளுயரக் கடிகாரம் வைத்திருந்தாலும் அது பார்வையாளர்களுக்கான அலங்காரம்தான். மெய்யான காலம் ஒரு மனிதரிடம் இருக்கிறது.

பாதி முடியும் தறுவாயில் நான்காம் நடுவர் கோட்டோரம் நின்று பலகையைத் தூக்கிக் காட்டுகிறாரே, அந்த எண் குறைந்த அளவு மட்டுமே. 4 என்று காட்டினால் நான்குக்குக் குறையாது என்று பொருள். அதற்குள்ளும் ஆட்டம் நின்றால் நடுவர் மேலும் கூட்டலாம். ஆனால் குறைக்க முடியாது.

இலக்கணம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. செய்யுளில் ஓசை குறைகிற இடத்தில் நெட்டெழுத்து தன் மாத்திரையில் நீண்டு அந்தக் குறையை நிறைக்கிறது; இசைநிறை அளபெடை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஆட்டத்தின் கடைசி நிமிடம் அப்படித்தான் அளபெடுக்கிறது. தொண்ணூறாம் நிமிடம் தொண்ணூறாகவே நின்றுகொண்டு 90+1, 90+2 என்று நீள்கிறது. ஒரே வேறுபாடு, மொழியில் அளபெடையும் உண்டு, குறுக்கமும் உண்டு. ஆட்டத்தில் குறுக்கத்துக்கு இடமில்லை.

பெயரைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் நாளிதழ்கள் இதைக் 'கூடுதல் நேரம்' என்று எழுதுகின்றன. ஆட்டம் சமனில் முடிந்தால் 15 நிமிடமாக இரண்டு முறை ஆடுகிறார்களே, அதற்கும் கூடுதல் நேரம் என்றே எழுதுகின்றன. இரண்டும் வேறு. பின்னது புதிதாகச் சேர்த்த நேரம். முன்னது ஏற்கனவே நமக்கு உரியதாய் இருந்து கைநழுவிய நேரம். ஒன்று கொடை, மற்றொன்று கடன். ஈழத்துத் தமிழ் நாளிதழ்களில் 'உபாதையீடு நேரம்' என்று எழுதுவதைப் பார்த்தபோது நமக்கு உள்ளபடியே பொறாமை ஏற்பட்டது. உபாதை வடசொல்லாக இருக்கட்டும். 'ஈடு' என்ற சொல்லில் அல்லவா விதியின் உயிர் இருக்கிறது.

நிற்க.

இந்தக் காலக் கணக்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததன்று. 1863ஆம் ஆண்டு இங்கிலாந்தில் முதன்முதலாக விதிகளை எழுதியவர்கள் ஆட்டம் எவ்வளவு நேரம் என்பதையே எழுதவில்லை. இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொண்டார்கள். 1866 மார்ச் 31 அன்று லண்டன் அணியும் ஷெஃபீல்டு அணியும் ஆடியபோது ஒன்றரை மணி நேரம் என்று பேசிக்கொண்டதாகப் பதிவு இருக்கிறது. அந்த ஒன்றரை மணிதான் மெல்ல மெல்ல உலகுக்கே அளவாயிற்று. நம் கணக்கில் ஒரு நாழிகை 24 நிமிடம். ஒரு பாதிக்கு மூன்று நிமிடம் ஈடாகக் கொடுத்தால் சரியாக இரண்டு நாழிகை; முழு ஆட்டமும் நான்கு நாழிகை. முல்லைப்பாட்டின் பாசறையில் நீர்க்கடிகை பார்த்து அரசனுக்குப் பொழுது சொல்லும் நாழிகைக் கணக்கர் ஒருவரை இந்த ஆட்டத்துக்கு அமர்த்தியிருந்தால் அவருக்கு எளிதாக இருந்திருக்கும்.

விதி பிறந்த கதையாக ஒன்றைச் சொல்வார்கள். 1891ஆம் ஆண்டு ஸ்டோக் அணிக்கும் ஆஸ்டன் வில்லாவுக்கும் ஆட்டம். ஒரு கோல் பின்தங்கிய ஸ்டோக்குக்கு ஆட்டம் முடிய இரண்டு நிமிடமே இருக்கும்போது பெனால்டி கிடைக்கிறது. வில்லாவின் கோல் காப்பாளர் பந்தை எடுத்து அரங்கத்துக்கு வெளியே உதைத்துவிடுகிறார். தேடிக் கொண்டுவருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. உதைக்க வேண்டியவர் காத்து நிற்கிறார், உதைக்க வழியில்லை. அதற்குப் பிறகுதான் பெனால்டியை உதைத்து முடிக்கும்வரை பாதியை நீட்டலாம் என்று விதி எழுதினார்களாம். ஏமாற்று ஒன்று நடந்த பிறகே அறம் ஒன்று எழுதப்படுகிறது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

நேரங்கடத்துவதில் நம் ஊர் யாருக்கும் இளைத்ததன்று. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்ஃபிகர் கான் இந்தக் கோட்டையை முற்றுகையிட்டார். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். கோட்டை விழுந்தது 1698இல். ராஜாராம் அதற்குள் தப்பிவிட்டார். தளபதி நினைத்திருந்தால் முன்னமே முடித்திருக்கலாம், வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று ஐயுறும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. அந்த எட்டு ஆண்டுக்கு எந்த நடுவரும் ஈடு கணக்கிடவில்லை. மாறாக, ஊரே பாடிக்கொண்டிருக்கும் தேசிங்குராஜன் 1714இல் இங்கே ஆண்டது ஏறக்குறைய பத்து மாதம்தான். எட்டு ஆண்டு முற்றுகை வரலாற்றுப் புத்தகத்தில் கிடக்கிறது; பத்து மாதம் கதைப்பாடலில் குதிரையேறிப் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராத்தியர் கோட்டைகள் பன்னிரண்டை உலக மரபுச் சின்னங்களாக அறிவித்தபோது தமிழ்நாட்டிலிருந்து செஞ்சி மட்டும் அதில் இடம்பெற்றது. உச்சியில் இருக்கும் மணிக்கூண்டைப் பார்க்க ஏறும் கூட்டம் இப்போது அதிகரித்திருக்கிறது. மணி மட்டும் ஒலிப்பதில்லை.

காலத்தைக் கடிகாரத்திடம் விடாமல் மனிதரிடம் விட்டதன் விளைவுகள் இரு வகைப்பட்டவை. 2022 ஜனவரி 12 அன்று கேமரூனின் லிம்பே நகரில் ஆப்பிரிக்கக் கோப்பைக்காக மாலியும் துனீசியாவும் ஆடின. ஜாம்பியாவைச் சேர்ந்த நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆம் நிமிடத்திலேயே முடிவு விசில் ஊதினார். தவறு உணர்ந்து ஆட்டத்தைத் தொடரச் செய்து, தொண்ணூறு நிறைவதற்குச் சில நொடிகளே இருக்கையில் மறுபடியும் ஊதிவிட்டார். கடும் வெப்பம் தாக்கி நிலை தடுமாறியதாகப் பின்னர் தெரியவந்தது. அதே ஆண்டு நவம்பர் 21 அன்று கத்தாரில் இதற்கு நேர்மாறு. இங்கிலாந்துக்கும் ஈரானுக்கும் நடந்த ஆட்டத்தில் ஈரானின் கோல் காப்பாளர் தலையில் அடிபட்டு விழ, முதல் பாதியில் மட்டும் 14 நிமிடம் ஈடு கொடுத்தார்கள். இரு பாதிகளும் சேர்த்து 27 நிமிடத்தை நெருங்கியது. நின்ற நேரத்தை நின்ற நேரமாகவே எண்ணுங்கள் என்று நடுவர்களுக்கு அந்த உலகக் கோப்பையில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். எண்ணத் தொடங்கிய பிறகுதான் இத்தனை காலம் எவ்வளவு விட்டுக்கொண்டிருந்தோம் என்று தெரிந்தது.

இனி ஜிக்கோவின் கதை. இதைச் சொல்வதற்காகத்தான் மேற்கண்டவற்றையெல்லாம் சொன்னோம் என்றுகூட வைத்துக்கொள்ளலாம்.

1978 ஜூன் 3. அர்ஜென்டினாவின் மார் தெல் பிளாட்டா நகரில் பிரேசிலுக்கும் சுவீடனுக்கும் உலகக் கோப்பை ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று என்று சமநிலை. ஆட்டம் முடிகிற நொடியில் பிரேசிலுக்குக் கார்னர் வாய்ப்பு. நெலின்ஹோ பந்தை உதைக்கிறார். பந்து காற்றில் வருகிறது. ஜிக்கோ தலையால் முட்டி வலைக்குள் அனுப்புகிறார். ஆனால் பந்து காற்றில் இருந்தபோதே வேல்ஸ் நாட்டு நடுவர் கிளைவ் தாமஸ் ஆட்டம் முடிந்ததென்று ஊதிவிட்டார். கோல் செல்லாது. விதிப்படி அவர் செய்தது தவறில்லை. நேரம் முடிந்துவிட்டது என்பது அவருடைய கணக்கு. ஆனால் உதைக்க விட்டுவிட்டுப் பந்து பறக்கும்போது ஊதுவதென்பது, வாக்கியம் ஒன்றை எழுதவிட்டுப் பயனிலை வருமுன் பேனாவைப் பிடுங்குவது போன்றது. அந்தக் கோல் ஏற்கப்பட்டிருந்தால் பிரேசில் தன் பிரிவில் முதலிடம் பெற்று, அடுத்த சுற்றில் அர்ஜென்டினா இல்லாத பிரிவுக்குப் போயிருக்கும். பிரேசில் அந்தக் கோப்பையில் ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஆனாலும் மூன்றாம் இடமே கிடைத்தது.

முப்பத்தேழு ஆண்டு கழித்து அதே ஜிக்கோ இந்தியாவில் இருந்தார். கோவா அணியின் பயிற்சியாளர். 2015 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை, மட்காவ் ஃபட்டோர்டா அரங்கத்தில் ஐஎஸ்எல் இறுதியாட்டம். எதிரே நம் சென்னையின் எஃப்சி. அந்த ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில் சென்னை எப்படி நீரில் கிடந்தது என்பதை யாரும் மறந்திருக்க முடியாது. அரையிறுதியைச் சொந்த ஊரில் ஆட வழியில்லாமல் புனேயில் ஆடி 3-0 என்று வென்று வந்திருந்தது அணி. அதற்கும் முன், லீக் சுற்றின் ஒரு கட்டத்தில் பட்டியலின் அடியில் கிடந்த அணி அது.

நாம் அந்த ஆட்டத்தை வீட்டில் தொலைக்காட்சியில் பார்த்தோம். 54ஆம் நிமிடத்தில் பெலிசாரி சென்னைக்காக ஒன்று போட்டார். நான்கே நிமிடத்தில் ஹவோகிப் அதைச் சமன் செய்தார். 87ஆம் நிமிடத்தில் ஜோஃப்ரே போட்ட கோலில் கோவா முந்தியது. அரங்கமே எழுந்துவிட்டது. வீட்டில் அனைவரும் சாப்பிட எழுந்தார்கள். நாமும் எழுந்து பாதி வழி போய்விட்டோம். அப்போதுதான் 90ஆம் நிமிடத்தில் கோவாவின் கோல் காப்பாளர் கட்டிமணி கைபட்டுப் பந்து சொந்த வலைக்குள்ளேயே போனது. 90+2இல் மெண்டோசா வென்ற கோலைப் போட்டார். 3-2. தொண்ணூறு நிமிடம் என்று ஊரார் நம்பிய அளவுக்குள் சென்னை தோற்றுக்கொண்டிருந்தது. ஈடாகக் கிடைத்த நேரத்தில் வென்றது.

கோட்டோரம் நின்றிருந்த ஜிக்கோவைக் காமிரா காட்டியபோது நமக்கு மார் தெல் பிளாட்டா நினைவுக்கு வந்தது. ஒருமுறை பந்து காற்றில் இருக்கும்போதே அவருக்கு நேரம் மறுக்கப்பட்டது. மற்றொரு முறை நேரம் நீண்டதால் அவர் கையிலிருந்து கோப்பை போயிற்று. இரண்டு முறையும் நடுவர் தம் கடமையைத்தான் செய்தார். ஆயினும் இரண்டாவதைப் பற்றி நம்மால் மகிழ முடிந்தது. முதலாவதைப் பற்றி எவராலும் மகிழ முடியாது. உரியதைத் தந்ததனால் வந்த தோல்வியும் மறுத்ததனால் வந்த தோல்வியும் ஒன்றாகுமா?

இந்தக் கேள்வி மனத்தில் எழுந்த அடுத்த கணம், ஒரு மாணவனின் முகம் வந்து நின்றது. மகிழ்ச்சி வடிந்துவிட்டது. அதைத்தான் சொல்ல வேண்டும் என்றோம்.

2012 நவம்பர். அப்போது பணியாற்றிய கல்லூரியில் பருவத் தேர்வு. வரலாற்றுத் துறை மூன்றாமாண்டு மாணவர்களுக்கு நாம் அறைக் கண்காணிப்பாளர். பத்து மணிக்குத் தேர்வு. கட்டைப் பிரித்தால் வினாத்தாள்கள் ஏழு குறைகின்றன. கடைசி இரண்டு வரிசைக்காரர்களை உட்காரச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஆள் அனுப்பினோம். படியெடுத்துக் கொண்டுவந்து கொடுத்தபோது பத்து மணி பன்னிரண்டு நிமிடம். மூன்று மணி நேரத் தேர்வு; ஒரு மணிக்கு மணி அடித்தது. முன்வரிசையிலிருந்து தாள்களை வாங்கிக்கொண்டே போனோம்.

கடைசி வரிசையில் ஒருவன் எழுதிக்கொண்டிருந்தான். செஞ்சிக்கு மேற்கே ஒரு சிற்றூரிலிருந்து வருபவன்; முதல் இரண்டு ஆண்டும் நம்மிடம் தமிழ் படித்தவன்; கல்லூரிக் கால்பந்து அணியில் இருந்தவன். தாளின்மேல் கை வைத்தோம்.

"ஐயா, பன்னெண்டு நிமிசம் லேட்டாதாங்க பேப்பர் குடுத்தீங்க" என்றான்.

"மணி அடிச்சாச்சு தம்பி. எழுந்திரு."

"பந்தாட்டத்துலகூட நின்ன நேரத்தக் கணக்கு வச்சிக் குடுப்பாங்க ஐயா."

அறையில் சிலர் சிரித்தார்கள். நாமும் சிரித்துவிட்டுத் தாளை இழுத்தோம். அவன் பேனா ஒரு கோடு இழுத்துக்கொண்டு நின்றது. கடைசி வினாவின் விடையில் பாதி வாக்கியம்.

தலைமைக் கண்காணிப்பாளரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் பன்னிரண்டு நிமிடம் கிடைத்திருக்கும். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குப் பெரிய காரணம் ஏதாவது இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அப்படி ஒன்றும் இல்லை. கேட்டால் தாமதத்துக்கு எழுத்தில் விளக்கம் தர வேண்டும், படிவம் நிரப்ப வேண்டும், பசித்தது. அவ்வளவுதான். ஏழு பேரில் ஆறு பேர் எதுவும் பேசாமல் தாளைக் கொடுத்துவிட்டதும் நமக்கு வசதியாகப் போயிற்று. கேட்காதவர்களுக்கு இழப்பே இல்லை என்று எண்ணிக்கொள்வது அதிகாரத்தில் இருப்பவர்களின் பழைய தந்திரம். அன்று அந்த அறையின் அளவுக்கு அதிகாரம் நம் கையில் இருந்தது.

முடிவு வந்தபோது அந்தத் தாளில் அவனுக்குத் தேர்ச்சிக்கு மூன்று மதிப்பெண் குறைந்திருந்தது. அடுத்த பருவத்தில் மீண்டும் எழுதித் தேறினான், பட்டமும் பெற்றான். ஆகவே பெரிய கேடு ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பல நாள் சொல்லியும் கொண்டோம். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று மதிப்பெண் வந்திருக்குமா? வந்திருக்கலாம், வராமலும் போயிருக்கலாம். யாருக்கும் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைத்தான் நாம் அவனிடமிருந்து எடுத்துக்கொண்டோம். ஜிக்கோவின் கோலையாவது உலகம் பார்த்தது. இவனுடைய பாதி வாக்கியத்தை நாம் மட்டுமே பார்த்தோம்.

சென்ற தை மாதம், பொங்கலை ஒட்டி மலையடிவார வெளியில் ஊர்ப்பிள்ளைகள் எழுவர் ஆட்டப் போட்டி நடத்தினார்கள். பாதிக்கு இருபத்தைந்து நிமிடம். சுற்றிலும் கயிறு கட்டி, ஒலிபெருக்கியில் வர்ணனை. இறுதியாட்டத்தில் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முன்னிலையில் இருந்த அணியினர் கடைசிப் பத்து நிமிடமும் விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார்கள். ஒருவனுக்குத் தசைப்பிடிப்பு, ஒருவனுக்குக் காலணிக் கயிறு அவிழ்ந்துவிட்டது, பந்து முள்ளுக்காட்டுக்குள் போனால் எடுத்துவர ஆள் இல்லை. நடுவில் ஆட்டுமந்தை ஒன்று வேறு குறுக்கே போனது. கதிரவன் ராஜகிரிக்குப் பின்னால் இறங்கிவிட்டான்.

"டைம் ஆயிடுச்சி, ஊது!" என்று ஒரு பக்கத்திலிருந்து கூச்சல். நடுவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. கையை உயர்த்தி நான்கு விரல் காட்டினார். கூச்சல் வசையாக மாறியது. நான்காவது நிமிடமும் கடந்தது. மறுபடியும் ஒருவன் விழுந்ததால் ஐந்தாவதும் ஓடியது. கோல் விழவில்லை. பின்தங்கிய அணி பின்தங்கியே தோற்றது. ஆனால் தோற்றவர்கள் எவரும் நடுவரிடம் சண்டைக்குப் போகவில்லை என்பதைக் கவனித்தோம். அவர்களுக்கு வர வேண்டியது வந்துவிட்டது.

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக்கொண்டு நடுவர் நம் பக்கமாக வந்தார். "ஐயா, நீங்களா! எப்ப வந்தீங்க?" என்றபோதுதான் அடையாளம் தெரிந்தது. கொஞ்சம் தடித்திருந்தான், நெற்றி ஏறியிருந்தது. உரக்கடை ஒன்றில் கணக்கு எழுதுவதாகவும், விடுமுறை நாள்களில் ஆட்டங்களுக்கு நடுவராகப் போவதாகவும் சொன்னான். இரண்டு கையிலும் இரண்டு கடிகாரம்.

"நாலு நிமிசம் எப்படிக் கணக்கு வச்ச?" என்று கேட்டோம்.

இடக்கைக் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். வலக்கையில் இருப்பதை ஆட்டம் நின்றால் நிறுத்திவிடுவானாம். சட்டைப்பையிலிருந்து சிறு அட்டை ஒன்றை எடுத்துக் காட்டினான். தசைப்பிடிப்பு ஒன்றரை, ஆள் மாற்றம் அரை, முள்ளுக்காடு ஒன்று, ஆடு ஒன்று என்று பென்சிலில் குறித்திருந்தது. ஆட்டுக்கும் ஈடு கொடுத்திருந்தான்.

அந்த அட்டையைப் பார்த்ததும் வாய் தானாகவே சொல்லிவிட்டது: "உனக்குப் பன்னெண்டு நிமிசம் பாக்கி இருக்கு தம்பி."

அவனுக்கு விளங்கவில்லை. தேர்வறையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யோசித்தான், பிறகு சிரித்தான். "அத இன்னுமா ஐயா மனசுல வச்சிருக்கீங்க?" என்றான். அத்தோடு நிறுத்தியிருந்தால் நாம் நிம்மதியாக வீடு திரும்பியிருப்போம். கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டே, "மொத பாதியில தப்பா விட்டத ரெண்டாவது பாதியில சேத்துக் குடுக்கக் கூடாதுங்க ஐயா. ரூலே அப்படித்தான்" என்றான்.

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தோம். ஏழாம் விதியில் அப்படியே இருக்கிறது. முதல் பாதியின் காலக் கணக்கில் நடுவர் தவறு செய்துவிட்டால், இரண்டாம் பாதியின் நீளத்தை மாற்றி அதைச் சரிக்கட்டக் கூடாது. எத்தனையோ முறை படித்த விதியில் இந்த வரி மட்டும் கண்ணில் படாமல் போயிருக்கிறது. அவன் நம்மை மன்னித்தானா, மன்னிப்புக்கு வழியில்லை என்று சொன்னானா, அல்லது நடுவர் என்ற முறையில் ஒரு விதியை மட்டும் சொன்னானா என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. நாற்பதைக் கடந்து இரண்டாம் பாதியில் நின்றுகொண்டிருக்கும் நமக்கு எந்தப் பொருளில் கொண்டாலும் அது பொருந்துகிறது.

விதி கடுமையாகத் தோன்றினாலும் காரணம் இல்லாமல் இல்லை. அன்று நின்ற நேரம் அன்றைய ஆட்டத்துக்கு உரியது. அன்று யார் களைத்திருந்தார்கள், காற்று எந்தப் பக்கம் வீசியது, யார் முன்னிலையில் இருந்தார்கள் என்பதெல்லாம் அந்தப் பாதியோடு சேர்ந்தவை. வேறொரு நாள், வேறொரு நிலையில் கொண்டுவந்து கொடுக்கும் பன்னிரண்டு நிமிடம் வேறு நிமிடம். ஆகவே ஈடு என்பது உடனே கொடுக்க வேண்டியது. தாமதித்தால் அது ஈடு அல்ல, பரிசாகிவிடுகிறது. பரிசைக் கொடுத்துக் கடனைத் தீர்க்க முடியாது.

2013 முதல் தேர்வறையில் நாம் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். கரும்பலகையின் இடது மூலையில் வினாத்தாள் கொடுத்த நேரத்தை எழுதிவிடுவோம். இடையில் மின்சாரம் போனாலோ, பறக்கும் படையினர் வந்து சோதனையிட்டாலோ, கூடுதல் தாள் வரத் தாமதமானாலோ அதற்குக் கீழே நிமிடங்களைக் குறிப்போம். கடைசி மணிக்கு முன்பே தலைமைக் கண்காணிப்பாளரிடம் சொல்லி இசைவு வாங்கிவிடுவோம். சக ஆசிரியர்கள் நமக்கு 'நான்காம் நடுவர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இருக்கட்டும்.

சென்ற பருவத் தேர்வில் மின்சாரம் போய் ஏழு நிமிடம் இழப்பு. மணி அடித்த பிறகும் ஏழு நிமிடம் உண்டு என்று சொன்னதும் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். சன்னலோரம் இருந்த ஒரு மாணவி மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிச்சிட்டா குடுத்துட்டுப் போலாமேம்மா" என்றோம்.

"இல்லைங்க ஐயா, இருக்கேன்" என்றாள்.

ஏழு நிமிடமும் அப்படியே இருந்தாள். ஒரு சொல்கூட எழுதவில்லை. நேரம் முடிந்ததும் தாளைக் கொடுத்துவிட்டுப் போனாள். நாம் ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுடைய நேரம்.